கடன் செய்த கொலை

நெடுஞ்சாலை ஓய்விடமொன்றில் காரை நிறுத்திவிட்டுக் காபி வாங்கப் போகிறான் ஒருவன். திரும்பி வந்தால், அவன் மணக்கவிருந்த பெண்ணைக் காணோம். தேடத் தொடங்கிய பிறகுதான் அவள் சொன்ன பெயரும் பின்னணியும் இன்னொருத்தியுடையவை என்று தெரிகிறது. தென்கொரிய இயக்குநர் பியூன் யங்-ஜூ 2012-இல் எடுத்த 'ஹெல்ப்லெஸ்' இப்படித் தொடங்குகிறது. மூலம், ஜப்பானிய எழுத்தாளர் மியூகி மியாபே 1992-இல் வெளியிட்ட 'காஷா' நாவல். அந்த இன்னொருத்தி கொல்லப்பட்டிருக்கிறாள்; கொலைகாரி யார் என்பதை ஊகிக்கப் பார்வையாளருக்கு நெடுநேரம் ஆகாது. அவளை அந்த இடத்துக்குத் துரத்தியது எது என்பதே இரண்டிலும் பெரிய மர்மம். துரத்தியது தந்தை வாங்கிய கடன். நாவலில் ஒரு காட்சி வரும்: அடையாளம் தெரியாமல் இறந்தவர்களின் விவரங்களை அரசிதழில் புரட்டியபடி, அதில் தன் அப்பா இருக்க வேண்டுமே என்று மகள் வேண்டுகிறாள். நான் அறிந்த குற்றக் கதைகளில் இதைவிடக் கொடுமையான பக்கம் இல்லை.

ஒரு நாட்டுக் குற்றக் கதை இன்னொரு நாட்டில் வேர்பிடிக்க வேண்டுமென்றால், குற்றத்துக்குக் காரணமான நெருக்கடி அந்த மண்ணிலும் இருக்க வேண்டும். மியாபே எழுதியது, ஜப்பானில் செயற்கையாக ஏறிய நிலவிலையும் பங்குவிலையும் சரிந்த வேளையில். கொரியா 1997-இன் நிதி நெருக்கடியையும் 2003-இன் கடனட்டை நெருக்கடியையும் தாங்கிய நாடு. ஆகவே இருபது ஆண்டு கழித்தும் கதை அங்கே அந்நியமாகத் தெரியவில்லை. நாவலில் விடுப்பில் இருக்கும் காவலர் ஒருவர் துப்பறிய, படத்திலோ தேடலின் நடுவே மணமகனே நிற்கிறான். கடன் எப்படி மனிதரை விழுங்குகிறது என்று நாவலில் வழக்கறிஞர் விரிவாகச் சொல்லும் பகுதி படத்தில் சுருங்கிவிட்டது. இது இழப்புதான். ஆனாலும் கதையின் நரம்பு அறுபடவில்லை.

நம் பக்கம் திரும்பினால், எழுத்தாளர் சுஜாதாவின் 'பிரியா' நாவல் 1978-இல் படமானது. நாவலின் லண்டன் சிங்கப்பூராயிற்று. வக்கீல் கணேஷ் ரஜினிகாந்தானார். ஊர் மாறியது, நாயகன் மாறினார், பாட்டுகள் சேர்ந்தன. கதையின் காரணத்தை யாரும் நம் மண்ணில் தேடவில்லை. ரசிகருக்குப் புதிர் போதுமே, சமூகவியல் எதற்கு என்று கேட்கலாம். புதிர் அவிழ்ந்த பிறகும் ஒரு கதை மனதை விட்டுப் போகாதென்றால் காரணம் அந்தப் பின்னணிதான். கடனைக் காட்டுவது கொலைக்குச் சாக்குச் சொல்வதாகாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஆகாது. 'காஷா'வில் கொல்லப்பட்டவளும் கடனில் மூழ்கித் திவாலானவளே. ஒரே வெள்ளத்தில் சிக்கிய ஒருத்தி இன்னொருத்தியை அமுக்கித் தலைதூக்கினாள் என்பதை நாவலும் படமும் மறைப்பதில்லை.

அந்த வெள்ளம் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இலேயே வந்தது. ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் கணவனும் மனைவியும் இரு குழந்தைகளும் தீயில் கருகிப் போனார்கள். திருச்சி மாவட்டத் தொட்டியம் பக்கம் ஒரே இரவுக் காற்றில் வாழை சாய்ந்தால், வாங்கிய கடன் சாய்வதில்லை. குழுக்கடனில் தவணை தவறினால் வாசலில் வந்து நிற்பவர்களில் பக்கத்து வீட்டு அக்காவும் இருப்பார்; தவறியவரின் பங்கையும் கட்டச் சொல்லி அவரையும் நெருக்குகிறார்கள். கடன்கூட அக்கம்பக்கம் அறிய நடப்பதால், கொரியப் படத்தை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. யார் வீட்டுப் பெண் என்று தெருவே விசாரிக்கும் ஊரில் ஒருத்தி இன்னொருத்தியாக வாழ்வது கடினம். அவள் திருப்பூருக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கும். அங்கே வாடகை வீட்டுக்காரர் முதலில் கேட்பதே ஆதார் அட்டையைத்தான். இந்தக் கதையைத் தமிழில் எடுக்க வருபவர் வேறொரு குற்றத்தைத்தான் யோசிக்க வேண்டும். கடனை மட்டும் அவர் கற்பனை செய்ய வேண்டியதில்லை.