கொழும்பைத் தாண்டி ஒரு நிதானப் பயணம்: திட்டமிட உதவும் வீட்டுக் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், பிள்ளைகளுக்கு கேம்ஸ் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டாவது மாதம், "இதில் வேறு என்னதான் செய்யலாம்?" என்ற கேள்வி வரும். ஒரு பயணத்தைத் திட்டமிட்டுப் பாருங்கள் என்பதுதான் என் பதில். இன்டர்நெட்டில் தேடுவது, மேப் பார்ப்பது, எக்ஸெல்லில் கணக்குப் போடுவது, பிரிண்ட் எடுப்பது என எல்லாப் பாடங்களும் இந்த ஒரே வேலையில் வந்துவிடும்.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் 2025ம் ஆண்டு நான் இப்படித் திட்டமிட்ட பயணம் இலங்கைக்கு. உடன் வந்தவர் என் அம்மா. வயது 78. இரண்டு முழங்காலிலும் வலி. வேனில் தொடர்ந்து உட்கார்ந்தால் கால் வீங்கிவிடும். பாஸ்போர்ட் எடுத்ததே இந்த ஒரு பயணத்திற்காகத்தான். இன்னொரு முறை போவோம் என்று நாங்கள் யாரும் சொல்லிக் கொள்ளவில்லை.

தாத்தா கொழும்பில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து நேராகக் கொழும்புக்குக் கப்பல் ஏறிய காலம் அதற்கு முந்தையது. 1914ல் தனுஷ்கோடி-தலைமன்னார் வழி தொடங்கிய பிறகு, ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் ரயில் ஏறுவார்கள். தாத்தாவும் அப்படித்தான் போய் வந்தார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அம்மா ஒரு முறைகூட அக்கரைக்குப் போனதில்லை. "ராசா, அப்பா இறங்குன துறையைப் பாத்தாப் போதும். மத்த ஊரெல்லாம் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள்

முதலில் ஒரு டிராவல்ஸில் கேட்டோம். ஆறு நாள் பேக்கேஜ் கொடுத்தார்கள். விமான நிலையத்திலிருந்து கண்டி, அடுத்து நுவரெலியா, எல்ல, காலி, கடைசியில் கொழும்பு. தாளில் பார்த்தால் தூரம் குறைவாகத்தான் தெரிந்தது. கண்டியிலிருந்து நுவரெலியா சுமார் 75 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அது மலைப்பாதை. நான்குவழிச் சாலையில் தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் நேரம் ஏறக்குறைய அதற்கே ஆகிவிடும். பயணத் திட்டத்தில் தூரத்தை எழுதாமல், உட்கார்ந்திருக்கும் நேரத்தை எழுத வேண்டும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உடம்பு கணக்கு வைத்துக்கொள்வது அந்த நேரத்தைத்தான்.

இதைப் பார்க்க கூகுள் மேப்ஸ் போதும். பிரவுசரில் மேப்ஸ் தளத்தைத் திறந்து, டைரக்‌ஷன்ஸ் பட்டனைக் கிளிக் செய்திடவும். கிளம்பும் ஊர், சேரும் ஊர் இரண்டையும் டைப் செய்து, கார் படத்தைத் தேர்ந்தெடுக்கவும். "லீவ் நவ்" என்று இருக்கும் இடத்தில் "டிபார்ட் அட்" என மாற்றி, நீங்கள் கிளம்பப் போகும் கிழமையையும் நேரத்தையும் கொடுத்தால் அந்த நேரத்து நெரிசலையும் சேர்த்துச் சொல்லும்.

எக்ஸெல்லில் சிவப்புக் கட்டம்

இனி எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். ஆறு நெட்டு வரிசைகள் போதும்: நாள், கிளம்பும் ஊர், சேரும் ஊர், மேப்ஸ் சொல்லும் நேரம், நம் நேரம், இரவு தங்கும் ஊர்.

நேரத்தை டைப் செய்யும்போது இரண்டரை மணி நேரம் என்றால் 2.5 என்று கொடுக்கவும். 2:30 என்று கொடுத்தால் எக்ஸெல் அதைக் கடிகார நேரமாக எடுத்துக்கொண்டு கணக்கைக் குழப்பிவிடும். "நம் நேரம்" என்ற கட்டத்தில் ஈக்குவல் குறியை டைப் செய்து, பக்கத்தில் உள்ள மேப்ஸ் நேரக் கட்டத்தைக் கிளிக் செய்து, பெருக்கலுக்கான ஸ்டார் குறியும் 1.5 என்ற எண்ணும் டைப் செய்து என்டர் தட்டவும். மேப்ஸ் சொல்வது நிற்காமல் ஓடும் வண்டியின் நேரம். டீ, கழிப்பறை, மாத்திரை, காலை நீட்ட ஐந்து நிமிடம் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மடங்கு ஆகும். அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற நாட்களுக்கும் கணக்கு வந்துவிடும்.

அடுத்தது எனக்கு மிகவும் உதவிய விஷயம். "நம் நேரம்" வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் கிரேட்டர் தேன் கிளிக் செய்திடவும். கிடைக்கும் கட்டத்தில் 4 என்று கொடுத்து ஓகே செய்தால், நான்கு மணி நேரத்தைத் தாண்டும் நாட்கள் எல்லாம் சிவப்பாகிவிடும். டிராவல்ஸ் கொடுத்த பேக்கேஜைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து பயண நாட்களில் மூன்று சிவப்பு. நல்ல ஊர்கள்தான், ஆனால் அம்மாவுக்கான திட்டம் அதுவல்ல.

தலைநகர் வழியாகத்தான் போக வேண்டுமா?

லண்டனோ டப்ளினோ கொழும்போ, முதல் முறை ஒரு நாட்டுக்குப் போகிறவர்கள் தலைநகரில் இறங்கி அங்கிருந்தே சுற்றுவார்கள். (சட்டப்படி இலங்கையின் தலைநகர் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டே. அது கொழும்பை ஒட்டியே இருக்கிறது.) அம்மா பார்க்க விரும்பும் இடம் வடமேற்கில் இருக்கும்போது, கொழும்பில் தொடங்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. திருச்சியிலிருந்து அங்கே நேரடி விமானத்தை இண்டிகோ 2025 மார்ச் 30ல் தொடங்கியது. நாகப்பட்டினம்-காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. மழைக் காலத்தில் கப்பல் நிற்பதுண்டு. நம் ஊரிலிருந்தே கொழும்புக்கு 2011 ஜூனில் தொடங்கிய கப்பலும் அதே ஆண்டு நவம்பரில் நின்றுவிட்டது. எனவே விமானமோ கப்பலோ, டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அவரவர் தளத்தில் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

காலமும் முக்கியம். வடக்கு இலங்கைக்கு மழை தருவது, நமக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கம் வேண்டாம். கொழும்பும் மலைநாடும் நனையும் மே முதல் செப்டம்பர் வரை, வடக்கும் திருகோணமலை போன்ற கிழக்குக் கரை ஊர்களும் பெரும்பாலும் காய்ந்திருக்கும். நாங்கள் தேர்ந்தெடுத்தது செப்டம்பர் முதல் வாரம்.

எங்கள் திட்டம்

முதல் நாள் திருச்சி வரை மட்டும். வழியில் மதுரையில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. மறுநாள் விமானத்தில் யாழ்ப்பாணம். அங்கே மூன்று இரவுகள். ஒரு நாள் நல்லூர் கந்தசுவாமி கோயிலும், 1981ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூலகமும். இன்னொரு நாள் கீரிமலை. குறிகட்டுவானில் படகு ஏறிப் போகும் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலும் பட்டியலில் இருந்தது. படகில் ஏறி இறங்குவது முழங்காலுக்கு ஆகாது என்பதால் அதை எடுத்துவிட்டேன்.

பிறகு பூநகரி வழியாக மன்னார். மேப்ஸ் கணக்கு இரண்டரை மணி. நம் கணக்கு மூன்றே முக்கால். சிவப்பு இல்லை. அங்கே இரண்டு இரவுகள். மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை என்ற ஊர்கள் இருக்கின்றன. முத்துச் சலாபம் நடந்த காலத்தில் நம் கரையிலிருந்து முத்துக் குளிக்கப் போனவர்கள் இறங்கிய கரை அது. அதைக் கண்காணிக்க ஆங்கிலேய கவர்னர் பிரெடரிக் நார்த் 1801 முதல் 1804க்குள் கட்டிய மாளிகை, கடல் அரிப்பில் இடிந்து நிற்கிறது. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961ல். அதை நேரில் பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

மன்னாரில் இரண்டாவது நாளுக்கு எக்ஸெல்லில் ஒரே ஒரு வரிதான்: தலைமன்னார். நகரிலிருந்து முக்கால் மணி நேரத்திற்குள் போய்விடலாம். காலிக் கட்டத்தைப் பார்த்தால் திருக்கேதீஸ்வரம், பெருக்க மரம் என்று எதையாவது போட்டு நிரப்பக் கை துறுதுறுக்கும். நிரப்பாதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு போய், பழைய துறை தெரியும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தோம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தாத்தா கொண்டு வரும் சோப்பின் வாசனை, அவர் வரும் நாளில் வீட்டில் வைக்கும் குழம்பு என்று நான் கேட்டிராத கதைகள் வந்தன. அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று அவரைக் கிளப்ப வேண்டிய அவசியம் அன்று இல்லை.

அடுத்து மடு மாதா கோயில் வழியாக அனுராதபுரம். அங்கிருந்து விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா பக்கம் நேராகப் போனால் மேப்ஸ் கணக்கே மூன்றரை மணிக்கு மேல். ஒன்றரையால் பெருக்கினால் ஐந்தைத் தாண்டிச் சிவப்பு. அதனால் இடையில் சிலாபத்தில் ஓர் இரவு. முன்னேஸ்வரம் கோயில் அருகிலேயே இருக்கிறது. விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருப்பதால், கொழும்பு நகருக்குள் நுழையாமலேயே மதுரைக்கு விமானம் ஏறினோம்.

தேடும்போது தேதி பாருங்கள்

பயணத் தகவல்கள் சீக்கிரம் பழசாகிவிடும். கூகுளில் தேடியதும் டூல்ஸ் பட்டனைக் கிளிக் செய்து, "எனி டைம்" என்பதை "பாஸ்ட் இயர்" என மாற்றினால் கடந்த ஓராண்டுப் பக்கங்கள் மட்டும் கிடைக்கும். இது ஏன் அவசியம் என்பதற்கு ஓர் உதாரணம்: நாங்கள் திரும்பிய இரண்டு மாதத்தில், 2025 நவம்பர் கடைசியில், டிட்வா புயல் இலங்கையைக் கடுமையாகத் தாக்கியது. சாலைகளும் மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட பக்கத்தை நம்பி ரயில் பயணம் திட்டமிட்டால் சிக்கல்தான்.

தமிழிலும் தேடுங்கள். யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள்கள் தமிழில்தானே வருகின்றன! விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் சென்று தமிழைச் சேர்த்தால், ஒலிப்பு முறையில் டைப் செய்யும் கீபோர்டையும் பெறலாம்.

விசா: முகவரியைப் படியுங்கள்

இலங்கை 2012 முதல் ஈ.டி.ஏ. என்ற ஆன்லைன் அனுமதி முறையை வைத்திருக்கிறது. இதைத் தேடினால் முதலில் வருவது பல நேரங்களில் விளம்பரம். அரசு தளம் போலவே கொடியும் சின்னமும் போட்டுக் கூடுதல் பணம் கேட்கும் தனியார் தளங்களும் உண்டு. பிரவுசரின் முகவரிக் கட்டத்தைப் பாருங்கள். தளத்தின் பெயர் "ஜி.ஓ.வி. டாட் எல்.கே." என்று முடிந்தால்தான் அது இலங்கை அரசின் தளம். நடுவில் அந்த எழுத்துகள் இருந்து, கடைசியில் "டாட் காம்" என்று முடிந்தால் உடனே மூடிவிடுங்கள். 2024ல் மட்டும் விண்ணப்பிக்கும் தளம் இரண்டு முறை மாறியது. கட்டணமும் அடிக்கடி மாறியிருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் அரசு தளத்தில் என்ன இருக்கிறதோ அதுவே சரி.

கிளம்பும் முன்

எக்ஸெல் பக்கத்தை பிரிண்ட் மெனுவில் லேண்ட்ஸ்கேப் எனக் கொடுத்து, பெரிய எழுத்தில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று வீட்டில் இருப்பவர்களுக்கு. பாஸ்போர்ட், டிக்கெட், அனுமதிக் கடிதம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே போல்டரில் போட்டு, பென் டிரைவிலும் போனிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். போனில் உள்ள மேப்ஸில் "ஆஃப்லைன் மேப்ஸ்" வழியாக வடக்கு இலங்கைப் பகுதியை டவுன்லோட் செய்துகொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தெரியும். சதுரக் கால் பிளக் அங்கே பல இடங்களில் இருக்கிறது. ஓர் அடாப்டர் எடுத்துப் போங்கள். இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் யு.பி.ஐ. வசதி உண்டு என்றாலும் எல்லாக் கடையிலும் எதிர்பார்க்க முடியாது. கையில் இலங்கை ரூபாயும் இருக்கட்டும்.

இலங்கைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த ஊரைச் சொல்கிறாரோ, அதை முதல் வரியில் டைப் செய்யுங்கள். மற்ற ஊர்களை அதைச் சுற்றி அமைத்து, சிவப்பு வந்தால் ஓர் ஊரைக் குறையுங்கள் அல்லது ஓர் இரவைக் கூட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே எக்ஸெல்லைத் திறந்து முயன்று பாருங்கள்.