பின்னறைக்கும் எட்டும் வானலை

பொரளையை அடுத்துள்ள வெலிக்கடையிலிருந்தே, 1925ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16ஆம் நாள், கொழும்பு வானொலி தன் முறையான ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதற்கு முன்னரே, தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராய் விளங்கிய எட்வேட் ஹாப்பர் என்பாரின் முயற்சியால், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு அலைபரப்பியொன்று அமைக்கப்பட்டது. மத்திய தந்தி நிலையத்துச் சிற்றறையொன்றிலிருந்து அதன் வழியே இசைத்தட்டுகள் ஒலிபரப்பப்பட்டன.

அன்று நாட்டிற்கு ஒன்றென இருந்த அலைபரப்பி இன்று வீட்டிற்கு ஒன்றென மலிந்துவிட்டது. ரவுட்டர் எனப்படும் சிறு பெட்டியே அது. ஆயினும் வெலிக்கடை அலை ஊர்களைக் கடந்து சென்றது. எம் இல்லத்துப் பெட்டியின் அலையோ நான்கு சுவர்களைக் கடக்கமாட்டாது தளர்ந்தது. இதன் காரணத்தையும் பரிகாரத்தையும், அறிவியல் பயிலாத அன்பர்க்கும் விளங்குமாறு ஈண்டு உரைக்க முற்படுகின்றோம்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன அக்கறை என வினவுவார் உளராயின், அவர்க்கு எம் பிழையொன்றைக் கூறல் வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், யாம் பொரளை இல்லத்தின் முன் விறாந்தையிலிருந்து இணையவழி கற்பித்து வந்தோம். எம் மகள் பின்னறையிலிருந்து தன் வகுப்பைக் கேட்டு வந்தாள். கேட்கின்றாள் என்றே யாம் எண்ணியிருந்தோம். வினாக்களுக்கு அவள் விடையிறுப்பதில்லையென அவளுடைய ஆசிரியை அறிவித்தபோது, கவனமில்லையென அவளைக் கடிந்துகொண்டோம். பின்னொரு நாள் அவளது இருக்கையில் அமர்ந்து பார்த்தோம். திரையில் ஆசிரியையின் முகம் அசைவற்று நின்றது. சொல் பாதியில் அறுந்தது. வினா முடிந்த பின்னரே குரல் மீண்டது. குறை பிள்ளையினதன்று, சுவரினது. ஆராயாது கடிந்த பிழை எம்முடையது.

இணைய அலையும் வானொலி அலையின் இனத்ததே. வேறுபாடு அலைநீளத்தில் உளது. மத்திய அலை ஒலிபரப்பின் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீற்றராகும். ரவுட்டரின் அலைநீளமோ, 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனில் ஏறக்குறைய 12.5 சென்ரிமீற்றர், 5 கிகாஹேட்ஸ் மீடிறனில் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். உயர்ந்த மீடிறனிற் செய்தி விரைந்து செல்லும். ஆனாற் சுவரை ஊடுருவும் ஆற்றல் குன்றும். தடையற்ற வெளியிலும் தூரம் இரட்டித்தால் அலையின் வலு நாலிலொன்றாகும். இடையிற் செங்கற்சுவரும் கொங்கிறீற்றும் ஒரு பங்கை உறிஞ்சும். இரும்பு அலுமாரியும் நிலைக்கண்ணாடியும் ஒரு பங்கைத் திருப்பிவிடும். மீன்தொட்டி நீர் ஒரு பங்கை விழுங்கும். எஞ்சியதே, வாய்க்கால் நீர் கடைமடை வயலைச் சேருமாப்போலப் பின்னறையைச் சேர்வது.

இனிப் பரிகாரங்களைச் செலவு குறைந்தது தொடங்கி முறையே கூறுவோம்.

முதலாவது, இடமாற்றம். ரவுட்டரைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில், ஆளுயரத்தில், உலோகப் பொருள்களுக்கு அப்பால் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பின்னறைக் கருவியை 2.4 கிகாஹேட்ஸ் அலையில் இணைத்தல். வேகம் குறையினும் தொடர்பு அறாது.

மூன்றாவது, ரிப்பீட்டர் எனக் கடைகளில் விற்கப்படும் மறுபரப்பி. இதனை அலை எட்டாத அறையிலேயே பொருத்திவிட்டுப் பயனில்லையென வருந்துவோர் பலர். பாடத்தை அரைகுறையாகக் கேட்ட மாணவன் அதனைப் பிறர்க்கு எங்ஙனம் உரைப்பான்? அலை இன்னும் வலுவுடன் விளங்கும் நடுவழியே அதற்குரிய இடமாகும். ஒரே அலைவரிசையிற் கேட்டு, அதிலேயே திரும்பக் கூறும் மலிவான மறுபரப்பிகளில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பதையும் அறிதல் நன்று.

நான்காவதே தலையாயது. ரவுட்டரிலிருந்து லான் கம்பியொன்றைப் பின்னறைவரை இழுத்து, அதன் முனையில் இரண்டாவது அலைபரப்பியொன்றைப் பொருத்துதலே அது. கம்பிக்குச் சுவர் தடையன்று. 100 மீற்றர்வரை அது செய்தியைக் குறைவின்றிக் கொண்டு செல்லும்.

பாடசாலை விளையாட்டுப் போட்டியில் அன்பர்கள் ஓடிய அஞ்சலோட்டத்தை நினைவுகூர்க. ஒருவன் களைக்குமுன் மற்றொருவன் கோலைப் பெறுதலே அதன் நுட்பம். இந்நுட்பத்தை வானளாவ விரித்தவர் ஆதர் சி. கிளாக். புவிநடுக்கோட்டின் மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால், ஏறத்தாழ உலகு முழுவதற்கும் அலைகளை அஞ்சல் செய்யலாமென அவர் 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் எழுதினார். அவருக்குப் பூமியே இடைச்சுவர். உலகின் மறுபக்கமே பின்னறை. 1956ஆம் ஆண்டு தொட்டு இலங்கையில் வாழ்ந்த அவ்வறிஞர், 2008இல் மறைந்து, பொரளைக் கனத்தை மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

எம் இல்லத்தில் முதலில் ரவுட்டரை நடுக்கூடத்துக்கு உயர்த்தினோம். பாதிக் குறை தீர்ந்தது. பின்னர்க் கம்பி இழுத்தோம், மீதியும் தீர்ந்தது. மறுநாள் மகள் தன் ஆசிரியைக்கு விடை கூறிய குரல் முன் விறாந்தைவரை கேட்டது.

இம்மலரை ஏந்தும் பழைய மாணவர் பலர் இன்று இல்லத் தலைவர்கள். வீட்டின் கடைசி அறையில் இருப்போர் பெரும்பாலும் பயிலும் பிள்ளைகளும், கடல் கடந்து வாழும் மக்களின் முகங்காண ஏங்கும் முதியோருமே. ரவுட்டரின் அருகிலிருந்துகொண்டு குறையொன்றுமில்லையெனக் கூறல் எளிது. கைப்பேசியை ஏந்தி அக்கடைசி அறைவரை ஒருமுறை நடந்து சென்று பார்ப்பார்களாக.