ஒரு குறுந்தட்டும் மூன்று இரவல் பாட்டும்

செப்ரெம்பரில் மொன்றியலின் ஜான்-டலோன் சந்தைக்குப் போயிருந்தால் கண்டிருப்பீர்கள். இத்தாலியக் குடும்பங்கள் சோஸ் காய்ச்சுவதற்குத் தக்காளியைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போவார்கள். அப்படியொரு சனிக்கிழமை, ஒரு கடை வானொலியில் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' போய்க்கொண்டிருந்தது. கூட வந்த மருமகன் முகத்தைச் சுளித்தான். "மாமா, இது மர்லின் மான்சன்ர பாட்டு. ஆரோ கெடுத்து வைச்சிருக்கினம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கேட்டதுதான் மூலம். ஆனி லெனொக்ஸ், டேவ் ஸ்டூவர்ட் இருவரும் யூரித்மிக்ஸ் என்ற பெயரில் 1983இல் வெளியிட்டு, அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு அது.

ஆனால் பையனை முழுதாகக் குறை சொல்ல முடியாது. அவன் அறிந்தது 1995 ஒக்டோபரில் வந்த மான்சன் குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் சில்ட்ரன்'. நைன் இஞ்ச் நெய்ல்ஸின் ட்ரென்ட் ரெஸ்னரும் தயாரிப்பில் பங்குகொண்டார். முந்தைய ஆண்டு இசைத்தட்டிலிருந்த 'டோப் ஹாட்' பாட்டுக்கு ரீமிக்ஸ் போடப் புறப்பட்ட வேலை வளர்ந்து ஐம்பது நிமிடத்தைத் தாண்டிவிட்டது. குறுந்தட்டு என்பது பெயருக்குத்தான்! யூரித்மிக்ஸ், ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸ், பாட்டி ஸ்மித் (பெயர்தான் பாட்டி) ஆகியோரின் மூன்று இரவல் பாட்டுகள். மிச்சம் பெரும்பாலும் சொந்தப் பாட்டுகளின் ரீமிக்ஸும் இடையிடையே உதிரிச் சத்தங்களும்.

இந்த வகையை இண்டஸ்ட்ரியல் என்பார்கள். 1976இல் லண்டனில் த்ரொபிங் க்ரிஸில் குழு தொடங்கிய 'இண்டஸ்ட்ரியல் ரெக்கோர்ட்ஸ்' நிறுவனத்திலிருந்து வந்த பெயர். இயந்திர இரைச்சலையே இசையாக்கும் முயற்சி.

இரவல் பாட்டும் ரீமிக்ஸும் ஒன்றல்ல. அதே ரொட்டியை இன்னொரு கை புதிதாய்ச் சுட்டால் அது இரவல் பாட்டு. சுட்ட ரொட்டியையே கொத்திக் கறியோடு மறுபடி கல்லில் போட்டால் கொத்துரொட்டி, ரீமிக்ஸ் அதுதான். பதிவான குரலும் தாளமும் தனித்தனித் தடங்களில் கிடப்பதால் அப்படிக் கொத்த முடிகிறது. நாமோ எல்லாவற்றையும் ரீமிக்ஸ் என்றுவிடுகிறோம். 'படகோட்டி'யின் 'தொட்டால் பூ மலரும்' 2004இல் 'நியூ' படத்தில் வந்தபோது, ரகுமான் வாலியின் சொல்லை வைத்துக்கொண்டு மெட்டையே மாற்றியிருந்தார். அது மூன்றாவது வகை.

மான்சன் மெட்டை விட்டுவைத்தார். நடையை மெதுவாக்கினார், கிற்றாரைக் கரகரக்க வைத்தார், முணுமுணுத்துத் தொடங்கிக் கத்தலில் முடித்தார். சிலர் உன்னைப் பயன்படுத்தப் பார்ப்பார்கள், சிலர் வதைக்கப் பார்ப்பார்கள் என்ற சொற்கள் மூலத்திலேயே இருந்தவைதான். ஆடிக்கொண்டிருந்த நாங்கள் அவற்றைக் கவனிக்கவில்லை. அவரோ 'சிலர்' என்பதோடு நில்லாமல், 'நான்' என்று தொடங்கும் வரிகளையும் சேர்த்துக்கொண்டார். கேட்பவனுக்கு ஒளிய இடமில்லை. என் கணக்கில் அந்தத் தட்டில் உருப்படியான பாட்டு இதுதான். ரீமிக்ஸ் பலவற்றை ஒருமுறை கேட்டால் போதும்.

இதையெல்லாம் தக்காளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே மருமகனுக்குச் சொன்னேன். பாட்டு முடியும்வரை நின்று கேட்டான்.

"மாமா, இவ இதைச் சந்தோசமாப் பாடுறதுதான் கூடப் பயமாக் கிடக்கு."