தோலின் காவல்காரர்கள் எங்கே போனார்கள்?

கண்மணிகளே, நாள் முழுக்க மொட்டை மாடியில் பட்டம் விட்ட சிலருக்கு, இரண்டு மூன்று நாள் கழித்து உதட்டோரம் குட்டிக் குட்டியாக நீர்க்கொப்புளம் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? "சூட்டுக் கொப்புளம்" என்பார் பாட்டி. வெயிலுக்கும் கொப்புளத்துக்கும் என்ன உறவு? இப்படிக் கேட்கிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை!

மாந்தோப்புக்குக் காவல்காரர் உண்டு அல்லவா? நம் தோலுக்கும் உண்டு. 1868இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர், தோலுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். கிளை கிளையாகக் கைநீட்டிய செல்கள் தெரிந்தன. நரம்பு என்றே நினைத்தார். உண்மையில் அவைதான் காவல்காரர்கள்! கிருமி நுழைந்தால் அதன் துணுக்கைப் பிடித்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்கு ஓடும். அங்கே பள்ளி மணி அடித்த மாதிரி, நோயை எதிர்க்கும் படை திரளும்.

புரிகிறதா? இப்போது வெயிலுக்கு வருவோம்.

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிர் இருக்கிறது. அது அதிகம் பட்டால் காவல் செல்களில் பல தோலை விட்டுப் போய்விடும். தோலிலுள்ள யூரோகானிக் அமிலமும் அந்தக் கதிர் பட்டு உருவம் திரும்பிக்கொள்ளும். திரும்பியதும், "படையே, அடங்கு" என்று சொல்கிற சேதியாகிவிடும். சிலர் உடம்பில், நரம்புக்குள் ஒரு வைரஸ் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும். வெயில் அதை எழுப்பிவிடும். காவலும் குறைவு. அதுதான் அந்தக் கொப்புளம்!

உடம்பு ஏன் படையை அடக்க வேண்டும்? வெயிலில் அடிபட்ட செல்களின் சாயல் மாறியிருக்கும். படை அவற்றை அந்நியர் என்று எண்ணித் தாக்கினால் நம் தோலே புண்ணாகும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த இடம்! சொரியாசிஸ் என்ற தோல் நோயில் படை வீணாகச் சண்டை போடும். அதை அடக்க, மருத்துவர்கள் இதே கதிரை அளந்து பாய்ச்சுகிறார்கள்.

அளவு மீறினால் ஆபத்து. 1970களில் மார்கரெட் கிரிப்கே என்ற விஞ்ஞானி எலிகளை ஆராய்ந்தார். புற ஊதாக்கதிரால் வந்த தோல் கட்டியை நல்ல எலிக்கு வைத்தால், அதன் படை கட்டியை ஒழித்துவிட்டது. அந்தக் கதிர் பட்ட எலியிலோ கட்டி வளர்ந்தது!

காலை வெயிலும் மாலைக் காற்றும் பட்டத்துக்குப் போதும், செல்லங்களே. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகத் தெரிந்தால், நூலைச் சுற்றிக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுங்கள்.