மூக்குத் தண்டு வளைவு: ஆபரேஷன் கட்டாயமா?

ராத்திரி படுத்ததும் ஒரு பக்க மூக்கு அடைத்துக்கொள்கிறது. டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், ‘தண்டு வளைஞ்சிருக்கு’ என்கிறார். அப்போ ஆபரேஷன்தானா?

அவசியமில்லை. இரு நாசித் துவாரங்களுக்கும் நடுவிலுள்ள சுவர் கொஞ்சம் வளைந்திருப்பது பலருக்கும் சகஜம். வளைவை எந்த மருந்தும் நிமிர்த்தாது. ஆனால் அலர்ஜி, ஜலதோஷத்தால் உள்சவ்வு வீங்கும்போதுதான் குறுகலான பாதை முழுசாக அடைபடுகிறது. அந்த வீக்கத்தைக் குறைக்கலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும் சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்துகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். 3 முதல் 5 நாட்களைத் தாண்டினால் வம்பு. மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் முன்பைவிட மோசமாக அடைக்கும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. வளைவே தேவலை என்றாகிவிடும்.

டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு ரகம். முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம். ‘ரெண்டு நாள் அடிச்சேன், கேக்கல’ என்று நிறுத்த வேண்டாம். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். சுவரிலேயே அடித்தால் ரத்தம் கசியலாம்.

ஸ்பிரேக்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லது. குழாய்த் தண்ணீர் மட்டும் கூடாது. கொதித்து ஆறிய நீர்தான். மூக்கு வழியே மூளைக்குப் போகும் அமீபா அபூர்வம், ஆனால் உயிரைப் பறிப்பது. தூங்கும்போது தலைமாட்டைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் அடைப்பு விடவில்லை, அடிக்கடி ரத்தம் வருகிறது, தூக்கத்தில் மூச்சு நின்று விழிப்பு வருகிறது என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் ஆபரேஷன் பற்றிப் பேசலாம்.