டொலமைட் விற்பவர் மண்ணையும் அறிய வேண்டும்

பசளை வியாபாரம் செய்யும் நம்மில் பலர் மூட்டை விலையையும் லொறிக் கூலியையும் விரல் நுனியில் வைத்திருக்கிறோம். வாங்குபவரின் காணி எந்தக் கல்லின் மேல் கிடக்கிறது என்று கேட்பதில்லை. நானும் கேட்காதவன்தான்.

2010 இல் மாத்தளையிலுள்ள எனது கடையிலிருந்து யாழ்ப்பாண வியாபாரி ஒருவருக்கு ஒரு லொறி டொலமைட் அனுப்பினேன். ஏ-9 பாதை திறந்த புதிது. மலைநாட்டில் ஓடும் சரக்கு அங்கும் ஓடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அவர், "முதலாளி, இந்தச் சாமானை இங்கை ஒருத்தரும் கேக்கினமில்லை. எங்கட கிணத்துத் தண்ணியே சுண்ணாம்புதானே" என்றார். பாதி மூட்டைகளைத் திருப்பி எடுத்தேன். கூலி என் தலையில்.

மண்ணின் அமிலத்தைக் காட்டுவது பி.எச். பெறுமானம். 7 நடுநிலை; கீழே அமிலம், மேலே காரம். ஓர் இலக்கம் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும்.

மலைநாட்டு மண்ணில் பெரும்பகுதி கருங்கல் போன்ற பழம்பாறைகள் உக்கி உண்டானது. அவற்றில் சுண்ணாம்புச் சத்து குறைவு. இருந்ததையும் மழை கழுவிவிட்டது. யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் வருடாவருடம் போடப் போட அமிலம் இன்னும் ஏறும். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும். அதற்கும் கீழே இறங்கினால்தான் டொலமைட்டுக்கு வேலை.

யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கிறது. மண் பெரும்பாலும் நடுநிலை, அல்லது சற்றுக் காரம். நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது: மலைநாட்டு மண்ணும் சிவப்பு, சுன்னாகத்து மண்ணும் சிவப்பு. காரம் கூடினால் இரும்பும் நாகமும் பயிருக்குக் கிடைக்காமல் இலை மஞ்சளிக்கும். அங்கே டொலமைட் அனுப்பியது கொல்லர் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

எப்பாவல பொஸ்பேற்றும் இப்படியே. அந்தக் கல்தூள் கரைய அமிலம் வேண்டும். தேயிலை, இறப்பர்க் காணிகளில் மெல்ல மெல்லக் கரைந்து பலன் தரும்; சுண்ணாம்பு மண்ணில் கல்லாகவே கிடக்கும்.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. மாத்தளையிலேயே சலவைக்கல் பட்டைகள் ஓடுகின்றன. டொலமைட் வெட்டுவதும் அத்தகைய கல்லிலிருந்துதான். அதன் மேலுள்ள காணியும் வேலிக்கு அப்பால் உள்ள காணியும் ஒன்றாக இராது.

ஆகவே இப்போது கூடுதலாகக் கேட்பவரிடம் மண் பரிசோதனைத் துண்டு கேட்கிறேன். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். போன மாதம் சிறுதேயிலைத் தோட்டக்காரர் ஒருவர் நாற்பது மூட்டை கேட்டார். துண்டில் 5.2 என்றிருந்தது. ஒன்றும் வேண்டாம் என்றேன். யூரியா மட்டும் வாங்கிப் போனார்.