கொடைக்கானல் ஏரிக்கு ஹைதராபாத்தில் சோதனை
பாதரசத்தை அளந்து பிடிப்பது எப்படி?

கொடைக்கானல் ஏரித் தண்ணீரை ஒரு தம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதில் பாதரசம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிட்டுச் சொன்னது நம் ஹைதராபாத்தில் உள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடம். பாபா அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தது அது.

கொடைக்கானலில் இயங்கி வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு, ஊருக்குள் ஒரு பழைய சாமான் கிடங்கில் கிடந்தது 2001-ல் அம்பலமாயிற்று. அவ்வாண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஏரியின் தண்ணீர், சேறு, மீன் எல்லாம் பரிசோதிக்கப்பட்டன.

குடிநீரில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் உள்ள பாதரசம் ஏறக்குறைய ஒரு கிராம். அது முழுவதும் கரைந்தால், பத்து லட்சம் லிட்டர் தண்ணீர், அதாவது நூறு டாங்கர் லாரித் தண்ணீர், அந்த எல்லையைத் தொட்டுவிடும்!

இவ்வளவு சிறிய அளவைப் பிடிக்க, தண்ணீர் எடுக்கும் சீசாவிலிருந்தே எச்சரிக்கை வேண்டும். அமிலத்தில் கழுவிய சீசாவில் எடுத்து, உடனே சிறிது அமிலம் சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால் பாதரசம் சீசாவின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு வெள்ளீய உப்பைச் சேர்த்தால், கரைந்திருந்த பாதரசம் ஆவியாகக் கிளம்பும். அந்த ஆவியின் ஊடே புற ஊதா ஒளியைச் செலுத்துவார்கள். ஒளி எவ்வளவு குறைகிறதோ அதைக் கொண்டு பாதரசத்தின் அளவு கணக்கிடப்படுகிறது. மீன், தலைமுடி போன்றவற்றை முதலில் மூடிய பாத்திரத்தில் அமிலமிட்டுக் கரைத்துக்கொள்வார்கள். திறந்த பாத்திரமானால் பாதரசம் காற்றோடு போய்விடும்.

ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருப்பதாக 2006-ல் முடிவு வெளியாயிற்று. இது குடிநீர் எல்லைக்குள் பாதிகூட இல்லை. ஆயினும் நிம்மதி கொள்வதற்கில்லை. இதில் ஒரு பகுதி மீதைல் பாதரசமாக மாறியிருந்தது. சிறு பூச்சியிலிருந்து சிறு மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்குமாகச் சேர்ந்துகொண்டே போகும் விஷம் இதுதான்.

தொழிலாளர்களின் கதை வேறு. அவர்கள் சுவாசித்தது பாதரச ஆவி. அதைச் சிறுநீர்ச் சோதனையில் அறியலாம். ஆனால் உடலில் சேர்ந்த பாதரசம் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. வேலையை விட்டு ஓராண்டு கழித்துச் சோதித்தால், அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் கேடு நேர்ந்திருந்தாலும் சாட்சி சொல்லப் பாதரசம் இராது. கொடைக்கானல் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016-ல்தான் கம்பெனியுடன் உடன்பாடு ஏற்பட்டது. அதாவது, ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

பாதரசம் புழங்கும் பட்டறையிலோ ஆலையிலோ வேலை செய்வோர், வேலையில் இருக்கும்போதே சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். வேலை உடையைக் களைந்து, கையைக் கழுவிய பின்னரே சிறுநீர் பிடிக்க வேண்டும். உடையில் ஒட்டிய துளி ஒன்று போதும், கணக்கு முழுவதும் பிசகிவிடும். சோதனைச் சீட்டைப் பிராவிடண்டு பண்டுக் காகிதங்களோடு பத்திரமாக வைத்திருப்பது நல்லது. பின்னாளில் கேட்கும்போது, அந்தச் சீட்டு ஒன்றுதான் பேசும்.